சடன் மாஸ்டரின் பச்சைப் பொடி

செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், இரண்டுக்கு மேல் தேறவில்லை. நன்றாகக் கார் ஓட்டுவார். நேரத்துக்கு வருவார். மற்றதை நான் உள்ளது உள்ளபடி சொல்கிறேன், என்னைப் பற்றிய பங்கையும் சேர்த்து.

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவருக்குச் சடன் மாஸ்டர் என்று பெயர். கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் மெதுவாக மிதித்து வண்டியை நிறுத்துவதற்காக வைத்தது அது. இவர் மெதுவாக மிதித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் போதும், ஒரே மிதி, சடன் பிரேக். பெல்ட் தோளை அறுக்க, முன்னால் போய்ப் பின்னால் வந்து விழுவார்கள். பிறகு ரொம்ப சாந்தமான குரலில் கேட்பார்: “இப்ப நீ ஒருத்தரைக் கொன்னுட்ட. அவங்க வீட்டுக்கு யார் போய்ச் சொல்றது? நீயா, நானா?” பதில் வரும்வரை வண்டியை எடுக்க விடமாட்டார். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்துக் கிழிக்கும். ஐம்பது வயது நர்ஸம்மா ஒருவர் “நானே போய்ச் சொல்றேன் சார்” என்று அழுதுகொண்டே சொன்னார். மறுநாளிலிருந்து வரவில்லை.

இன்னொரு வேலையும் செய்வார். யாராவது திக்கினால், பயத்தில் நாக்குக் குழறினால், வகுப்பில் எல்லார் முன்னாலும் அதே மாதிரி குழறிப் பேசிக் காட்டுவார். அச்சு அசல் அப்படியே இருக்கும். மற்றவர்கள் தங்கள் முறை வரவில்லை என்ற நிம்மதியில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முதலாளிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் இவரிடம் படித்தவர்கள் லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிடுவார்கள், அதனால் முதலாளி காதில் எதுவும் ஏறவில்லை.

நான் இங்கே மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னையும் விடவில்லை. ஆறு வருட அனுபவத்தோடு வந்தவள் நான். கற்றுக்கொள்கிறவர்களை எல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்து, என்னை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இறங்கியதும் அவர்களைப் பார்த்து, கிளட்சை எப்படி மிதிக்கக் கூடாது என்று இன்றைக்கு எல்லாரும் பார்த்தீர்கள், தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி மிதிக்கிறார் என்றார். அன்றிலிருந்து என் பெயர் தையல். பன்னிரண்டு வருடம் அந்தப் பெயரோடுதான் சம்பளம் வாங்கினேன். ஒரு தடவைகூட என் சொந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை.

வீட்டிலும் அவர் அப்படித்தான். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாய் அதிர்ந்து பேசாத மனுஷி. மதியச் சாப்பாட்டுப் பையைக் கொடுக்க ஸ்கூலுக்கு வந்தால், நிழலில் நிற்கலாமே என்றுகூட இவர் சொல்லமாட்டார். பையை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டு உள்ளே போவார். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை என்று அக்கா ஒரு தடவை என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

ஐம்பத்தைந்தாவது வயதில் அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போனது. நெஞ்சைத் திறந்து, அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அது மூடித் திறக்கும் சத்தம் அமைதியான அறையில் டிக் டிக் என்று வெளியே கேட்கும். வேறு மனிதராக இருந்தால் கூச்சப்பட்டிருப்பார். இவருக்கு அதுவும் ஒரு பிரேக்காகப் போய்விட்டது. புதிதாக வந்தவர்களைக் காரில் உட்காரவைத்து, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, சத்தத்தைக் கேட்கச் சொல்வார். “நீ ஓட்டுற லட்சணத்துல இது நின்னுச்சுன்னா நீதான் பொறுப்பு.”

உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை உண்டு. ரத்தம் அந்த உலோகத்தில் கட்டியாக உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை. குறைந்துபோனால் கட்டி உருவாகி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். கூடிப்போனால் ரத்தம் எங்கேயாவது கசிய ஆரம்பித்து நிற்காது. அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்து, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்து, ஒரு எண் சொல்வார்கள்; உறைய நேரமாக ஆக எண் ஏறும். இவருக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் அட்டை போட்ட சிறு புத்தகத்தில் எழுதித் தருவார்கள். அவர் அதைச் சட்டைப்பையில் லைசென்ஸோடு சேர்த்து வைத்திருப்பார்.

எங்கள் வேலையில் இதய ஆபரேஷன் ஆனவர்கள் வருடம் ஒரு தடவை டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கித் தர வேண்டும். அது இல்லாவிட்டால் மாஸ்டர் சீட்டில் உட்காரக் கூடாது. அலுவலக மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்யலாம். அவருக்கு அந்த சீட்தான் உயிர். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் யாரை மிதிப்பது?

ஆபரேஷன் ஆன மூன்றாவது வருடம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மைதானத்தில் அடையாளத்துக்கு வைக்கும் பிளாஸ்டிக் கூம்புகளை நான்கைந்து தூக்கினாலே நின்று இளைப்பாறுவார். சான்று தருகிற தேதிக்கு மூன்று மாதம் இருந்தது. அவர் பயந்துவிட்டார். அவ்வளவு பெரிய வாய் உள்ள மனிதர் பயந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன்.

பயந்தவரிடம் போய்ச் சேர்ந்தார் அவருடைய சகலை, அதாவது அக்காவின் தங்கை புருஷன். தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்றார், முதுகுவலிக்குக் காந்தப் படுக்கை விற்றார், இப்போது பச்சைப் பொடி விற்கிறார். பதினாறு வகை இலைகளைக் காயவைத்து அரைத்த சத்துப் பொடியாம். டப்பாவில் பாய்ந்து ஓடுகிற குதிரை படம். இருபது வருடமாகச் சகலையைக் கண்டால் காதில் பூச்சுற்ற வந்துவிட்டான் என்று எழுந்து போய்விடுவார் சடன் மாஸ்டர். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. இதயம் இரும்பாகிவிடும், ஆறு வாரத்தில் படி ஏறி ஓடலாம் என்றார் சகலை. கூடவே காதோடு இன்னொன்றும் சொன்னார். டாக்டர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, சொன்னால் சான்றில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார்கள், வாயே திறக்காதீர்கள். இதெல்லாம் அக்கா எனக்குப் பிற்பாடு சொன்னது.

அக்கா தினமும் காலையில் இரண்டு கரண்டி பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். பதினோரு மணிக்குக் குடிப்பதற்கு ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஸ்கூலுக்கும் கொடுத்தனுப்பினார். அந்த மாதம் ரத்தம் பார்த்தபோது எண் ஒன்றே முக்கால்.

அன்றைக்கு அவர் கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அறையில் காலியாக இருந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஒரு இளம்பெண். எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். மாத்திரை விட்டுப்போகிறதா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். புதிதாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா, கீரை அதிகமா, மூலிகை, சத்து மாத்திரை, பொடி ஏதாவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இவர் தலையை ஆட்டினார். ஒரு சின்னப் பொய் சொன்ன மாணவனை நடுரோட்டில் இறக்கிவிட்ட மனிதர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் பொய் சொன்னார். எனக்கு அப்போது பொடி விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே போட்டு உடைத்திருப்பேன், அவர் பிழைத்திருப்பார்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இரண்டு வாரம் கழித்து எண் இரண்டு. இன்னும் கூட்டினார். இந்த எண் ஒழுங்காக நிற்கும்வரை சான்று கிடையாது என்றும் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் சடன் மாஸ்டர் காரில் ஏறாமல் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றார்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் சான்று வராவிட்டால் தலைமை மாஸ்டர் பொறுப்பும் புது வெள்ளைக் காரும் எனக்கு என்றார், கார் சாவியை அதுவரை என் மேஜையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று, அவரை மேஜையில் உட்காரவைத்து என்ன சொல்வேன் என்று ஒத்திகை பார்த்தேன். இதையும் மறைப்பானேன்.

ஆனால் எண் ஏறியது. முதலில் இரண்டே முக்கால், அடுத்த தடவை மூன்று. மாத்திரையை முறிக்கிற பொடி ஒரு பக்கம் கீழே இழுக்க, கூடின மாத்திரை மறுபக்கம் மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து எண்ணை நடுவில் நிறுத்தியிருந்தன. டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. எதையும் மாற்ற வேண்டாம், இப்படியே போகட்டும், இனி ஆறு வாரம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிச் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் அதைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே ஸ்கூலுக்குள் வந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நேராக என் மேஜைக்கு வந்தார்.

“தையல், வெள்ளைக் கார் சாவியை வெச்சுட்டு எந்திரி. கனவுல வேணா ஓட்டிக்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, உண்மையாகவே வயிறு எரிந்தது.

நாலு நாள் கழித்து, அலுவலகத்துக்குப் பின்னால் டம்ளர் கழுவும் இடத்தில் ஒரு டம்ளரின் அடியில் பச்சையாகச் சேறு ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே அவருடைய பை. பையில் அந்தச் சின்ன டப்பாவும், குதிரை படம் போட்ட புது டப்பா ஒன்றும் இருந்தன. அன்று மஞ்சள் புத்தகமும் என் மேஜையில்தான் இருந்தது, சான்றோடு நகல் எடுத்து வைக்க முதலாளி என்னிடம் கொடுத்திருந்தார். புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் நோயாளிகளுக்கான குறிப்புகள் இருந்தன. படிக்கப் படிக்க என் மனசு குளிர்ந்தது.

உள்ளே அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மருந்து சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றிய பாடம். இருமல் மருந்து குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறேன் என்று கணக்கு வாத்தியார் ஒருவர் தெரியாத்தனமாக ஒப்புக்கொண்டுவிட்டார். அவரை எழுந்து நிற்கவைத்து, ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறாய், பாட்டில் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதா என்று வறுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கையில் டப்பாவும் மறு கையில் மஞ்சள் புத்தகமுமாக உள்ளே போனேன்.

படிக்கிறதைப் பற்றித்தானே பேச்சு, நானும் ஒன்று படிக்கட்டுமா மாஸ்டர் என்று கேட்டேன். முதலில் டப்பாவில் இருந்த பதினாறு இலைகளின் பெயரையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். இது யாருடைய பையில் இருந்தது என்று சொன்னேன். பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன்.

“‘கீரைப் பொடி, மூலிகை, சத்து மாத்திரை போன்ற எதையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.’ கொட்டை எழுத்துல போட்டிருக்கு மாஸ்டர். உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

அதற்கு அடுத்தும் ஒரு வரி இருந்தது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்துவதற்கு முன்பும் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்கவும், மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும் என்று இருந்தது. அது என் கண்ணில் பட்டது. நான் படித்தேன், மனதுக்குள். வாய்விட்டுப் படிக்கவில்லை. அந்த வரியில் அவரை அவமானப்படுத்த ஒன்றும் இல்லை. முதல் வரியிலேயே கணக்கு வாத்தியார் சிரிக்க ஆரம்பித்துவிட்டார், வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய்ச் சாக்கடையில் கொட்டினார். சாயங்காலம் வீட்டில் அடுக்கி வைத்திருந்த ஆறு டப்பாக்களும் குப்பைக்குப் போயின. சகலைக்குப் போன் போட்டு வாயில் வந்தபடி திட்டியிருக்கிறார். அக்கா மட்டும், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்று கேட்டாராம். வாயை மூடு, சொன்னால் பொய் சொன்னது வெளியே வரும், கையெழுத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றாராம். கூட்டின மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் சாப்பிட்டார். எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த பொடி இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது.

அடுத்த மூன்று வாரமும் எனக்குக் கொண்டாட்டம்தான். பச்சை மாஸ்டர் என்று நான் வைத்த பெயர் மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் குரல் இறங்கிவிட்டது. என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். இரண்டாவது வாரம் அவருடைய முழங்கைக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் ஊதா நிறத்தில் இருப்பதைப் பார்த்தேன். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் யாராவது கிள்ளிவிட்டார்களா என்று கேட்டேன். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லிச் சட்டைக் கையை இறக்கிவிட்டார். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆகிறது என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது. மஞ்சள் புத்தகத்தில், இப்படி இருந்தால் உடனே வரவும் என்று போட்டிருந்த அத்தனையும் எனக்குத் தெரியும். படித்தவள் நான். ஒரு தடவை சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. அப்போது அவர் புதிதாக வந்த பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டாவது நாள். காலையிலிருந்தே தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் போர்டில் ஒரு வளைவு வரைந்துகொண்டிருக்கும்போது பேனா கையிலிருந்து விழுந்தது. திரும்பி என்னவோ சொன்னார். நாக்குக் குழறியது, வார்த்தை சேரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். முந்தின நாள் திக்கித் திக்கிப் பேசிய ஒருவரை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் மறுபடி பேச முயற்சி செய்தார், சிரிப்பு இன்னும் அதிகமானது. பக்கத்து அறையில் இருந்த நானும் சிரித்தேன். பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடிக்கப் போய் அதோடு சாய்ந்து விழுந்து வாந்தி எடுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

வெள்ளைக் காரில் நான்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எண் ஒன்பதைத் தாண்டியிருந்தது. மூளைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. அந்த இளம் டாக்டர் ஓடி வந்தார். நாலு வாரத்துக்கு முன்னால் மூன்றில் நின்ற எண் எப்படி இப்படி ஏறும் என்று அவருக்குப் புரியவில்லை. வேறு ஏதாவது பொடி, மாத்திரை சாப்பிட்டாரா என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. இதற்காவது நல்ல பதில் கையில் இருக்கிறது என்கிற தைரியம்.

“இல்லம்மா. பச்சைப் பொடி ஒண்ணு குடிச்சுக்கிட்டிருந்தாரு. அது தப்புன்னு தெரிஞ்சதும் மூணு வாரத்துக்கு முன்னாடியே சுத்தமா நிறுத்திட்டோம்.”

டாக்டர் அக்காவைக் கையெழுத்துப் போட அனுப்பிவிட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றார். பிறகு என்னிடம், பொடியோடு சேர்த்துத்தான் நான் மாத்திரையை அளந்திருக்கிறேன், பொடி போனதும் அந்த மாத்திரையே அவருக்கு விஷமாகிவிட்டது என்றார். சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பேன், ஒரு போன் போதும் என்றார். இப்போது ரத்தத்தை உறையவைக்க அவருக்கு ஏற்றிக்கொண்டிருக்கிற ஊசிமருந்துகளில் ஒன்று, அந்த இலைகளில் இருக்கிற அதே சத்துதான் என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

நாலு நாள் கிடந்தார். பேச்சு திரும்பவில்லை. ஒரு தடவை கண் திறந்து என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நாலாவது நாள் மதியம் போய்விட்டார். அக்கா அழவில்லை. அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு, எந்த வழியாக வெளியே போவது என்று என்னைக் கேட்டார்.

துக்க வீட்டுக்குச் சகலை வந்தார். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளின் நடுவே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பொடி குடித்தவரை மனிதர் நன்றாக இருந்தார். நம்பர் கரெக்டாக இருந்தது, டாக்டரே கையெழுத்துப் போட்டார். யார் பேச்சையோ கேட்டு நிறுத்தினார். மூன்றே வாரம், ஆள் போய்விட்டார். நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பார்.

நான் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் வாழ்நாளில் முதல் தடவையாக உண்மை பேசிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மறுத்துப் பேச வேண்டுமானால் நான் எழுந்து முழுக் கதையையும் சொல்ல வேண்டும், யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினார் என்பதிலிருந்து. நான் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சகலையின் கார் டிக்கியில் இருந்த பெட்டி காலியாகிவிட்டது. துக்கத்துக்கு வந்த கணக்கு வாத்தியாரும் ஒரு டப்பா வாங்கிப் போனார்.

தலைமை மாஸ்டர் பொறுப்பு எனக்கு வந்தது. வெள்ளைக் காரும்தான். இரண்டு மாதம் கழித்து, அலமாரியில் கிடந்த அவருடைய சாமான்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. முன்னெல்லாம் இந்த வீட்டில் வால்வு சத்தம் ஹால்வரை கேட்கும் என்று அக்கா சொன்னார். சமையலறை மேடையில் அவருடைய மாத்திரைப் பட்டைகள் இருந்தன. அக்காவுக்கும் இப்போது நெஞ்சு படபடப்பாம், டாக்டர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாராம். பட்டைகளுக்குப் பக்கத்தில் குதிரை படம் போட்ட டப்பா இருந்தது. இன்னும் திறக்கவில்லை. தங்கை புருஷன் வந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

குடிக்கலாமா என்று அக்கா என்னைக் கேட்டார். நீங்கள் விவரம் தெரிந்தவர், அந்த மஞ்சள் புத்தகத்தையே வகுப்பில் படித்துக் காட்டினவர் என்றார். முகத்தில் கோபமோ கிண்டலோ தெரியவில்லை. பார்வையை டப்பாவின் மேலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

“குடிக்கிறதா இருந்தாலும் சரி, நிறுத்துறதா இருந்தாலும் சரி, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்கக்கா.”

அக்கா டப்பாவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதை அவர்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. உங்களுக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே.”